எதுல செஞ்சதுங்க?

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் நாள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டார் அங்கே இருந்த ஒரே டீச்சர்.

"இந்த பிரேமு எதுல செஞ்சதுங்க சார்?"

"டைட்டானியம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விற்றிருந்தார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து கறுப்பாக, வட்டமாக ஒன்றை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம். என் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் "இரும்பு!" என்று கத்தினார்கள்.

"இரும்புங்க சார். கடைக்காரரு உங்கள ஏமாத்திட்டாருங்க." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எனக்காக வருத்தம் துளியும் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து தலை சுற்றிக்கொண்டிருந்த நேரம். கீழ்நாட்டுக்காரனான எனக்கு வந்த கோபத்தை வெளியே காட்டவும் முடியவில்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டில் இருந்த அந்தப் பள்ளிக்கு மொத்தம் இரண்டே ஆசிரியர்கள், நானும் அவரும். முதல் நாளே முறைத்துக்கொண்டால் யாரோடு பேசுவது?

அந்தக் காந்தம் அவர் பையில் எப்போதும் இருந்தது. கூடவே ஒரு பிளேடு, ஒரு மெழுகுவத்தித் துண்டு, ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர். தண்ணீர் குடிப்பதற்கில்லை. ஊற்றிப் பார்ப்பதற்கு. எந்தப் பொருளைக் கண்டாலும் "இது எதுல செஞ்சதுங்க?" என்று கேட்பார். பதில் வந்தாலும் நம்பமாட்டார். தட்டுவார், சுரண்டுவார், முகர்வார், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூக்குவாளியைத் தட்டிப் பார்த்து "ஈயமுங்களா, சில்வருங்களா?" என்று விசாரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். சீர் வைத்திருந்த இடத்தில் ஒரு பெரிய பித்தளைக் குடம் மினுமினுத்தது. நான் கண்ணால் ஜாடை காட்டியும் கேளாமல், டீச்சர் காந்தத்தை வைத்துவிட்டார். அது ஒட்டிக்கொண்டது.

"பித்தளை இல்லீங்க. தகரத்து மேல முலாம் பூசியிருக்குது" என்றார், யாரும் கேட்காமலே.

சீர் வைத்தவர் பெண்ணின் தாய்மாமன். அன்று பந்தியில் எங்கள் வரிசைக்கு இரண்டாம் முறை சாம்பார் வரவேயில்லை. திரும்பி நடக்கும்போது "ஏம்மா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுபோச்சுங்களே சார், அப்பறம் எப்படிச் சும்மா இருக்கறது?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவர் பெரக்கரை நாட்டுக்காரர். அப்பாவுக்கு மிளகும் மரவள்ளியும் விளையும் நிலம். மலையிலேயே பிறந்து, கீழே போய்ப் படித்து, மலைக்கே வேலைக்கு வந்தவர். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை அவருடையது. பொருள்களைப் பற்றிய பாடம் வந்தால் அவருக்குத் திருவிழா. பாடப்புத்தகத்தில் சோபா இருக்கும், பளிங்குத் தரை இருக்கும், கம்பளிச் சட்டை இருக்கும். எல்லாம் படமாக இருக்கும்.

"சோபாவத் தொட்டாலும் வழவழன்னுதான் இருக்குது. கம்பளியத் தொட்டாலும் வழவழன்னுதான் இருக்குது. கல்லத் தொட்டாலும் அதேதான். படத்தத் தொட்டா வேற எப்படிங்க இருக்கும்?" என்பார்.

அதனால் அவரே புத்தகம் செய்ய ஆரம்பித்தார். பழைய காலண்டர் அட்டை, பிஸ்கட் டப்பா அட்டை எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி நூலால் தைத்து, மரம், மண், இரும்பு, கண்ணாடி, துணி, காகிதம் என்று ஆறு சிறிய புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நிஜமான பொருள் ஒட்டியிருக்கும். மரப் புத்தகத்தில் பலா மரத்தின் மஞ்சள் சீவல், வேங்கைத் துண்டு, மிளகுக் கொடி ஏற்றிவிடுகிற சில்வர் ஓக்கின் பட்டை. கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தை எழுத அவர் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்.

சில்வர் ஓக்கால் ஒரு வம்பு வந்தது. 'சில்வரில் செய்த பொருள்கள் யாவை?' என்று நான் கேட்டதற்கு ஒருவன் "தட்டு, டம்ளர், மிளகு மரம்" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். டீச்சர் அவனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் பட்டையும் கொடுத்து நிற்கவைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு மட்டுந்தான் ஒண்ணுங்க டீச்சர்" என்று அவனே சொன்னான்.

கண்ணாடிப் பாடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 'கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்?' என்பது கேள்வி. பாடப்புத்தகப்படி, அந்தப் பக்கம் இருக்கும் பொருள் தெரியும். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "என்ற மூஞ்சிங்க!" என்றார்கள். அவர்கள் வீட்டில் கண்ணாடி என்றால் சுவரில் மாட்டித் தலை சீவுகிற ஒன்றுதான். ஜன்னலுக்கு மரக்கதவு.

நானாக இருந்தால் தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். டீச்சர் தன் பையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். பின்பக்கத்துச் சிவப்புப் பூச்சை பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு பீரியடு முழுவதும் சுரண்டினார். முதலில் ஒரு பொட்டளவு வெளிச்சம் வந்தது. பிறகு அந்த ஓட்டை வழியாகப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பாதி சுரண்டிய அந்தக் கண்ணாடி அப்படியே புத்தகத்துக்குள் போனது. கீழே எழுதினார்: 'இந்தப் பாதியில் நான். அந்தப் பாதியில் நீ.' அதைப் படித்தபோது, எனக்கு இவர் மேல் பொறாமையாக இருக்கிறது என்று முதல்முறையாக எனக்கே தெரிந்தது.

நான் வந்த இரண்டாம் ஆண்டு, ஐப்பசிக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் தயாரித்த சிறுவர் நூல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்போகிறார்களாம். டீச்சர் அதை மூன்று முறை படித்தார்.

"அச்சுல வந்துட்டா மலையில இருக்கிற அத்தன புள்ளைங்க கைக்கும் போயிருமுங்களே சார். பொருள அவங்கவங்களே ஒட்டிக்குவாங்க" என்றார். அவர் தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டார். பரிந்துரைக் கடிதத்தை நானே என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு நாள், அவருடைய இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 'காகிதம் நனைந்தால் கிழியும்' என்ற பக்கத்தைப் பிள்ளைகள் படித்தார்கள். தர்ஷினி என்ற சிறுமி மட்டும் எழுந்து நின்றாள்.

"காயிதம் கிழியாதுங்க சார். மழ பெஞ்சா அதத்தான தலையில போட்டுட்டு வாரோம்?"

"காயிதம் இல்லை, காகிதம். அதைத் தலையில் போட்டுக்கொண்டு எந்த மழையில் வந்தாய் நீ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். நான் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. தர்ஷினி உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தேர்வுக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய வாரக் கடைசியில் டீச்சருடைய தங்கைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் பிரசவம். கிளம்பும்போது புத்தகங்களை என் மேஜையில் வைத்தார்.

"சார், மழ இறங்கற மாதிரி இருக்குது. பொஸ்தகத்த மறக்காம காயிதத்துல நல்லாச் சுத்தி வெச்சிருங்க."

அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன உடனே அந்த வாரத்து நாளிதழ்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று சுற்று சுற்றி, நூல் கட்டி, பீரோவுக்கு மேலே அடுக்கினேன். மளிகைக் கடைக்காரன் தோற்றுப்போவான், அவ்வளவு நேர்த்தி.

இரண்டு நாள் விடாத மழை. குரங்குகள் கூரை ஓடுகளைப் புரட்டிவிட்டிருந்தன. திங்கட்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தபோது பீரோ மேலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பொட்டலங்கள் கஞ்சி மாதிரி குழைந்து கிடந்தன. அட்டைகள் ஊறிப் பிரிந்து, எழுத்துகள் கரைந்து, இரும்பு ஆணியும் பலாச் சீவலும் அரைக் கண்ணாடியும் மட்டும் அந்தக் கூழுக்குள் பத்திரமாக இருந்தன.

டீச்சர் வந்தார். கூழுக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். குரல் மட்டும் வழக்கமானதாக இல்லை.

"எதுல சுத்துனீங்க சார்?"

"நீங்க சொன்ன மாதிரி காகிதத்துலதான்."

"பேப்பருலயா?"

"காகிதம்னா பேப்பர்தானே அம்மா!"

வாசலில் நின்ற சத்துணவு சமையலம்மா, தலையில் போட்டிருந்த நீல நிற பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். "ஐயோ சாமி, காயிதம்னா இதுங்க சார்! பேப்பருல சுத்துனா மழைக்குத் தாங்குமுங்களா?"

மிளகு காயப்போடும்போது மேலே மூடுகிறார்களே, மழையில் சாக்கை மடித்த கொங்காடை மாதிரி தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்களே, அந்த ஷீட். மலையில் எல்லோர் வீட்டிலும் அது காயிதம்தான். எழுதுவது பேப்பர். ஒன்றரை வருஷம் அங்கே இருந்தும் என் காதில் அது விழவேயில்லை. விழுந்தபோதெல்லாம் நான் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இது பிளாஸ்டிக். இதைப் போய்க் காகிதம் என்றால் நான் என்ன செய்வது?" என்று கத்தினேன். தப்பு செய்தவனுக்குத்தான் சத்தம் அதிகம் வரும்.

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பேச்சையே கவனிக்கவில்லை. கூழில் இருந்து ஆறாவது புத்தகத்தை எடுத்து, 'காகிதம் நனைந்தால் கிழியும்' என்று எழுதியிருந்த பக்கத்தின் மிச்சத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனது பேப்பரப் பத்திங்க சார். புள்ளைங்க ஊட்டுல காயிதம்னா இது. பள்ளிக்கூடத்து வார்த்த ஒண்ணு, ஊட்டு வார்த்த ஒண்ணுன்னு எனக்கு ரெண்டும் தனித்தனியாவே இருந்துபோச்சு. புள்ளைங்களுக்கு அது ஒரே வார்த்ததானுங்களே. யாராவது ஒருத்தராவது கேட்டிருக்கணும். கேக்கவே இல்லியே."

ஒருத்தி கேட்டாள். நான் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முடியவில்லை. பீரோவைத் திறந்து தர்ஷினியின் மதிப்பீட்டுத் தாளை எடுத்து, நடந்ததைச் சொல்லி டீச்சரிடம் கொடுத்தேன். 'கவனம் தேவை' என்று என் நல்ல கையெழுத்தில் இருந்தது. அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத்தான் பொருந்தும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

டீச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது. "அப்பக் கேட்டிருக்குதுங்களா எம்புள்ள!" என்றார். அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது. "மறுபடியும் அட்டையில செஞ்சா மறுபடியும் ஊறும். எது எதுல செஞ்சதோ அதுலயே எழுதிருவோமுங்க சார்" என்றார். பள்ளிக்கூடமே வேலையில் இறங்கியது. மரப் புத்தகத்துக்குப் பலாப் பலகையே பக்கம். தர்ஷினியின் அப்பா தச்சர். அவர் இழைத்துக் கொடுத்தார். இரும்புப் புத்தகத்துக்கு எண்ணெய்த் தகரத்தை வெட்டி ஓரம் மடித்து, ஆணியால் குத்திக் குத்தி எழுத்து. துணிப் புத்தகத்தில் சமையலம்மா நூலால் எழுதினார். மண் புத்தகம் சத்துணவு அடுப்போரம் காய்ந்தது. கண்ணாடிக்கு நாலு ஓரமும் டேப். 'டீச்சர், இதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும்' என்று புலம்பிக்கொண்டே நான் ஆணி குத்தினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்த மூன்று நாள் வேறு இல்லை. காகிதப் புத்தகத்தை மட்டும் டீச்சர் எனக்குக் காட்டவில்லை.

வியாழக்கிழமை ஒரு சாக்குமூட்டையோடு பஸ் ஏறினோம். "ஏனுங்க டீச்சர், ஊடு மாத்தறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

கூட்டத்தில் மேஜை மேல் எல்லாப் பள்ளியின் நூல்களும் வண்ண வண்ணமாக இருந்தன. எங்களுடையது வைத்தபோது மேஜை ஆடியது. தேர்வு செய்ய வந்திருந்த அதிகாரி வயதானவர். மரப் பக்கத்தைத் தடவினார். அரைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார், பிறகு அதன் வழியாக என்னைப் பார்த்தார். கடைசியாகக் காகிதப் புத்தகத்தைத் திறந்தார். அதில் நான் சுற்றிய நாளிதழ், உலர்ந்து மொடமொடவென்று ஒட்டியிருந்தது. அவர் சத்தமாகவே படித்தார்.

"'இது காகிதம். மழையில் நனைந்தது. எங்கள் தலைமையாசிரியர் சுற்றியது.'"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. டீச்சர் மும்முரமாகக் கூரையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எதில் செய்தது என்று யோசித்திருக்கலாம். அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நீல ஷீட். அதன் மேல் மார்க்கர் எழுத்து.

"'இது காயிதம். பிளாஸ்டிக்கில் செய்தது. மழையில் நனையாது. எங்கள் தர்ஷினி சொன்னது.'"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அந்த நீல ஷீட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அருமையா இருக்கும்மா. ஆனா இதை எந்த அச்சகத்துல போய் அடிக்கிறது?"

டீச்சர் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் எடுத்து வைத்தார். வண்ணப்படம் போட்ட வேறொரு நூல் தேர்வானது. நல்ல நூல்தான், குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது டீச்சர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அப்போதுதான் அவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "என்னாலதான்" என்று ஆரம்பித்தேன். "அட்டையில இருந்திருந்தா அடிச்சிருப்பாங்கதானுங்க. ஆனா தப்பான பக்கமும் சேந்தே அச்சாயிருக்குமுங்க சார்" என்றார்.

முப்பதாவது வளைவோ என்னவோ, கண்டக்டர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். தகரப் பக்கத்தை விரலால் தடவிப் படித்தார். நின்றுகொண்டே துணிப் புத்தகம் முழுவதும் படித்தார். அந்த வளைவில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கிடைக்கவே நேரமானது.

"டீச்சர், எம்புள்ள மலைக்கு அந்தக் கோடியில படிக்கிறா. ஒரு வாரத்துக்கு அவ பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க. நானே கொண்டுபோய் நானே கொண்டாந்து தாரேன்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தாரேனுங்க. ஆனா காயிதத்துல சுத்தித்தான் எடுத்துட்டுப் போகோணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் அந்தப் பள்ளி, அடுத்த வாரம் இன்னொன்று. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நீல மூட்டை ஒன்று மலை முழுக்கச் சுற்றியது. பக்கம் உடைந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளே புதுப் பக்கம் செய்து போட்டார்கள். நான் மாற்றலாகிக் கீழே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். டீச்சர் இப்போது அங்கேயே தலைமையாசிரியர்.

போன மாதம் போன் செய்து, "ரப்பர் பொஸ்தகம் முடிஞ்சிருச்சுங்க, வந்து பாருங்க சார்" என்றார். பஸ் ஏறினேன். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் சரியாக இறங்கவில்லை. மடியில் இருந்த துணிப்பை நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாவும் ஆறேழு வயது மகளும். "சாருக்கு எந்த ஊருங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

அந்தச் சிறுமி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அவளை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா சொன்ன அவர்கள் ஊருக்கும் எங்கள் பள்ளிக்கும் நடுவில் மூன்று நாடு இருக்கிறது.

"பேப்பருல சுத்துன சாருங்களா நீங்க?"

"ஏய், என்ன பேச்சு இது!" என்று அம்மா அவள் தொடையில் தட்டினார்.

"ஆமாம் கண்ணு, நான்தான்" என்றேன்.

அவள் என் நனைந்த பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் பள்ளிக்கூடப் பைக்குள் கையை விட்டு, நான்காக மடித்த நீல ஷீட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதுல சுத்திக்கோங்க சார். இது காயிதமுங்க."

சுற்றிக்கொண்டேன். ஊர் வரும்வரை அவள் அந்த முடிச்சை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள்.